சுருதிப்பெட்டியும் இரண்டு காற்றாடிகளும்

முதலிலேயே மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். மறதியும் வந்துவிட்டது. சாருடைய மாணவி, கண்ணாடி போட்ட பிள்ளை, போன வாரம் வீட்டுக்கு வந்து, சாரைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், புத்தகமாகப் போடப்போகிறோம், நீங்களும் எழுத வேண்டும் என்று ஒரு கட்டு வெள்ளைத்தாளைக் கையில் வைத்துவிட்டுப் போனது. படித்தவர்கள் எழுதுகிற இடத்தில் நான் என்னத்தை எழுதுவது என்று கேட்டேன். “அந்தப் பெட்டியப் பத்தி எழுதுங்கம்மா, போதும்” என்றது. அதனால் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

பெட்டி இப்போது எங்கள் வீட்டில் அரிசி டிரம்மின் மேல் இருக்கிறது. எலி ஏறாத இடம் அது ஒன்றுதான். ஒரு பெரிய டிபன் பெட்டி அளவுதான் இருக்கும். பழுப்பு மரம். பின்பக்கம் தோல் மடிப்பு. அதை விரித்து விரித்து அமுக்கினால் உள்ளே காற்றுப் போய், முன்பக்கத்து ஓட்டை வழியாக ஒரே குரலாக ‘ம்ம்ம்’ என்று பாடும். உள்ளே சின்னச் சின்னப் பித்தளை நாக்குகள் இருக்கின்றன. உப்புக்காற்றில் அவை பச்சை பூத்துவிடும். ஒரு மூலையில் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. அந்த மூலை உடைந்தது கடற்கரையில், ஒரு சாயங்காலம், என் மருமகள் என் தோளைப் பிடித்து உலுக்கியபோது. அந்தச் சாயங்காலத்தைச் சொல்லத்தான் இத்தனை தாளும்.

சார் விமானம் கட்டுகிற படிப்புக்குப் பேராசிரியர். வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறதுக்குக் கொஞ்ச காலம் முன்பு, பாம்பனுக்குப் பக்கத்தில் எங்கள் கரைக்கு வந்து, வடகடலைப் பார்த்த ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். மனைவி இல்லை, மகள் வெளிநாட்டில். ஆளில்லாமல் பறக்கிற ஒரு குட்டி விமானத்தைக் கட்டுவதற்காக இரண்டு மாணவர்கள் கூட வந்திருந்தார்கள்; கண்ணாடிப் பிள்ளை அதில் ஒன்று. சமைக்க ஆள் வேண்டும் என்று கேட்டு என்னிடம் வந்தார்கள். எனக்கு வேற்று ஆம்பிளைகளிடம் பேச நாக்கு எழாது. முதல் நாள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் பதில் சொன்னேன்.

“எந்த ஊரு தாயி நீங்க?”

“நயினார்கோவில் பக்கம் சார். இங்கன வாக்கப்பட்டு வந்தவ.”

“அப்படிச் சொல்லுங்க. நான் முதுகுளத்தூர்ப் பக்கம். ரெண்டு பேரும் மொளகாக் காட்டு ஆளுக. கடலுக்கு நாம வேத்தாளுதான்.”

அந்த ஒரு சொல்லில் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. மாணவர்களிடம் இங்கிலீஷில் சடசடவென்று பேசுகிற மனிதர், என்னிடம் திரும்பினால் எங்கள் பக்கத்துப் பேச்சுக்கு வந்துவிடுவார். ஒரு நாள் காலையில் ஜன்னல் வழியாகக் கரையைக் காட்டி, “அங்கன நிக்கிற பொம்பளைக எதத் தாயி பாக்குறாக?” என்று கேட்டார். அன்றைக்கு ஒரு படகு திரும்பியிருக்கவில்லை. நான் தேங்காய் துருவிக்கொண்டே, “வராததப் பாக்குறாக சார்” என்றேன். படகு மத்தியானம் வந்து சேர்ந்துவிட்டது, நானும் மறந்துவிட்டேன். நாலைந்து நாள் கழித்து ஒரு தாளை எடுத்துவந்து படித்துக் காட்டினார்.

கரையில் நிற்கும் பெண்கள்
வருவதைப் பார்ப்பதில்லை.
வராததைப் பார்க்கிறார்கள்.

“நீங்க சொன்னதுதான் தாயி. நான் மடக்கி மடக்கி எழுதினேன், அம்புட்டுத்தான்.”

“மடக்கி எழுதுனாக் கவிதையா சார்?”

“நெறையப் பேருக்கு அம்புட்டுத்தான்” என்று சொல்லிச் சிரித்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஆனால் அன்றிலிருந்துதான் அவர் அந்தக் குட்டி விமானத்தை வேறு எதற்காகவும் இல்லாமல், திரும்பாத படகைத் தேடிப் பார்க்கிற விமானமாகவே கட்ட வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார் என்று அந்தக் கண்ணாடிப் பிள்ளை பின்னாளில் என்னிடம் சொன்னது. அப்போது எனக்கு அது தெரியாது.

சாயங்காலம் சார் புல்லாங்குழல் வாசிப்பார். இரண்டு கையும் குழலுக்குப் போய்விடும். பெட்டியை அமுக்க ஆள் கிடையாது. மாணவர்கள் இருவரும் கம்பி, பேட்டரி என்று வேலையாக இருப்பார்கள். அதனால் என்னைக் கேட்டார். நான் அடுக்களை வாசலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அமுக்குவேன். ராகம் பேர் ஒன்றும் எனக்குத் தெரியாது; இன்றைக்கும் தெரியாது. அவர் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. பெட்டிக்குள் ஒரே சுரத்துக்கு இரண்டு நாக்கு இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் ஒரு குரலாகக் கேட்கும். ஒத்துப்போகாவிட்டால் சத்தம் அலையடிக்கும், பெரிசாகும், சிறுத்துப்போகும், மறுபடி பெரிசாகும். அலையடித்தால் நிறுத்திச் சொல்ல வேண்டும், அவர் நாக்கைத் துடைத்துச் சரிசெய்துவிட்டு வாசிப்பார். ஈரக்காற்று அடிக்கிற நாட்களில் அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்கும்.

விமானத்துக்கு மாணவர்கள் என்னமோ இங்கிலீஷ் பேர் வைத்திருந்தார்கள். கரையில் எல்லாரும் அதைக் கொக்கு என்றுதான் சொன்னோம். வெள்ளையாக, தெர்மாகோல் மாதிரி லேசாக, ஆள் நீளத்துக்கு மேல் இறக்கை. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு காற்றாடி, வயிற்றில் ஒரு கேமரா; அது பார்க்கிறது லேப்டாப்பில் தெரியும். அதைப் பறக்க விடுவதற்கு முன்னால் சார் ஒரு வேலை செய்வார், அதைப் பார்க்கவே கரையில் கூட்டம் கூடும். மாணவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மணலில் சுருதிப்பெட்டியை வைத்து ஒரு கையால் அமுக்கிக்கொண்டே காற்றாடிகளைச் சுற்ற விடச் சொல்வார். வேகம் ஏற ஏற அவற்றின் சத்தம் ஏறிக்கொண்டே போய், ஓர் இடத்தில் பெட்டியின் குரலோடு வந்து உட்காரும். இரண்டு காற்றாடியும் பெட்டியும் ஒரே குரலாகப் போனால் கையை உயர்த்துவார். பறக்கும். அலையடித்தால் பறக்காது. தாடி வைத்த மாணவர் ஒரு முறை, லேப்டாப்பில் எல்லாம் சரியாகத்தானே காட்டுகிறது என்று கேட்டார். “அதுல தெரியிறது மோட்டாருக்குப் போற கரண்டு. காத்தாடி என்ன பாடு படுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?” என்றார் சார்.

முதல் கொக்கு கடலில் விழுந்தது வைகாசியில். அன்றைக்கும் சார் கேட்டார், கையை உயர்த்தினார், பறந்தது. கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே ஒரு பக்கமாக உதறி உதறிச் சாய்ந்து தண்ணீருக்குள் போய்விட்டது. பருந்து அடித்திருக்கும் என்று சார் சொன்னார். மாணவர்களும் நம்பினார்கள்.

அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, நான் கொல்லையில் மீன் அலசிக்கொண்டிருந்தேன். உள்ளே குக்கர் விசில் அடித்தது. சார் அடுப்புக்குப் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அணைத்துவிடுவார் என்று இருந்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. கருகுகிற வாசனை வந்த பிறகு கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். நான் எதிரில் போய் நிற்கிறவரைக்கும் அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“சார், விசில் அடிச்சுக்கிட்டே இருந்துச்சே.”

“அடிச்சுச்சா?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து, தானே அமுக்கி, “இது பாடுதா தாயி?” என்று கேட்டார்.

“பாடுது சார்.”

“நல்லாவா?”

நான் தலையாட்டினேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குழலை எடுத்து முழங்காலில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். மேல் சத்தமெல்லாம் போய்விட்டதாம். கீழ்ச் சத்தம் எங்கேயோ கிணற்றுக்குள் கேட்கிறது போல வருகிறதாம். மதுரையில் காட்டிவிட்டாராம், திரும்பி வராது என்று சொல்லிவிட்டார்களாம். “அன்னைக்கு விழுந்ததுக்குப் பருந்து காரணமில்ல தாயி. சேந்துருக்குன்னு நான் நெனச்சுக்கிட்டேன். இந்தப் பிள்ளைகட்ட மட்டும் இப்பச் சொல்லிராதீக. இன்னொரு கொக்கு செய்யிறாக. அது ஒரு தடவை ஒழுங்காப் பறக்கட்டும், நானே சொல்லிர்றேன்.”

“நான் யார்ட்ட சார் பேசப் போறேன்” என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் குழலை உறையிலிருந்து எடுக்கவில்லை. சாயங்காலங்களில் அந்த வீட்டில் கடல் சத்தம் மட்டும்தான். பாட்டு நின்றுபோன வீட்டில் சமைப்பது எனக்கு என்னவோ போல இருந்தது. அவர் தாளில் எழுதிக்கொண்டே இருப்பார். எழுதியதை இப்போது படித்துக் காட்டுவதில்லை. என் கையில் கொடுத்து, என்னைப் படிக்கச் சொல்லி, என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படிப்பேன்.

இரண்டாவது கொக்கு தயாரானபோது ஆடிக் கச்சான் தொடங்கியிருந்தது. கச்சான் எங்களுக்குக் கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. படகில் எஞ்சின் நின்றுபோனால் அது படகைக் கரைக்குக் கொண்டுவராது. இலங்கை எல்லையைப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போகும். இந்தக் காற்று ஓயட்டும், பிறகு பறக்க விடலாம் என்று சார் சொல்லியிருந்தார்.

என் மகன் இன்னும் இரண்டு பேரோடு நாட்டுப்படகில் போயிருந்தான். விடிந்ததும் வர வேண்டும். விடிந்து மற்ற படகெல்லாம் வந்துவிட்டது. கடைசியாக வந்த படகுக்காரர், அவர்கள் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்ததாகவும், கேட்டதற்கு “நீங்க போங்கண்ணே, இந்தா வந்துர்றோம்” என்று என் மகன் கையைக் காட்டியதாகவும் சொன்னார். காற்று ஏறிக்கொண்டே போனது. வந்த படகில் சில, டீசல் ஊற்றிக்கொண்டு திரும்பவும் தேடப் போயின. மீனவர் சங்கத்துத் தலைவர் வாக்கிடாக்கியைக் காதில் வைத்துக்கொண்டு கரையில் மேலும் கீழும் நடந்தார். அவர்கள் வலை போட்ட இடத்தில் பார்த்துவிட்டார்கள், அதற்குத் தெற்கே பார்த்துவிட்டார்கள், இல்லை. மத்தியானம் போய்விட்டது. நான் கரையில் நின்றேன். நான் சொல்லி, சார் மடக்கி எழுதிய அந்த வரி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

என் மருமகள் என்னைப் போல் இல்லை. நிற்கமாட்டாள். நேரே சார் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், “சார், ஒங்க கொக்க விடுங்க. இதுக்குத்தான செஞ்சீக? விடுங்க” என்றாள். சார் அவள் வாயைப் பார்த்தார். வெளியே வந்து, வளைந்து நிற்கிற பனைமரத்தைப் பார்த்தார். தாடி வைத்த மாணவர், இந்தக் காற்று விமானத்துக்கு அளவு மீறிய காற்று என்று இங்கிலீஷும் தமிழுமாகச் சொன்னார். “தெரியும். எடுத்துட்டு வாங்க” என்றார் சார். பிறகு என்னைத் தேடி, “பெட்டிய எடுத்துட்டு வாங்க தாயி” என்றார்.

மற்ற நாட்களில் பெட்டியை அவர்தான் அமுக்குவார். அன்றைக்கு என்னை மணலில் உட்காரச் சொல்லி, அவர் எனக்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார். மாணவர்கள் வழக்கம்போலத் தள்ளி, காற்றுக்கு மறைவாக லேப்டாப்போடு நின்றார்கள். அமுக்கத் தொடங்கியதும் கூட்டத்தில் ஒரு பெரியவர், “ஏம்ப்பா, கச்சேரி வைக்கிற நேரமாப்பா இது?” என்றார். இன்னொருவர், “மகன் கடல்ல கெடக்கான், ஆத்தா ஆர்மோனியம் வாசிக்குது” என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அத்தனை பேர் நடுவில் நான் அதுவரைக்கும் உட்கார்ந்ததே கிடையாது.

காற்றாடிகள் சுற்றின. சத்தம் ஏறி ஏறி வந்து பெட்டியின் குரலுக்குப் பக்கத்தில் நின்றது. சார் என் முகத்தையே பார்த்தார். வாய் திறந்து கேட்கவில்லை. புருவத்தை மட்டும் லேசாகத் தூக்கினார். சேர்ந்ததா?

ஒரு காற்றாடி வந்து பெட்டியோடு உட்கார்ந்துவிட்டது. இன்னொன்று உட்காரவில்லை. வந்து தொடும், விலகும், அலையடிக்கும், மறுபடி தொடும். கச்சான் காதில் அடிக்கிறதால் அப்படிக் கேட்கிறதோ என்று பார்த்தேன். முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டு மறுபடி கேட்டேன். பயத்தில் எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறதோ என்று பார்த்தேன். அலைதான். பொழுது மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. நான் தலையை மேலும் கீழும் ஆட்டினால் இந்த நிமிசமே கொக்கு என் பிள்ளையைத் தேடிப் போகும். சார் நம்பிவிடுவார்; நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. ஆட்டு, ஆட்டு என்று உடம்பு முழுவதும் சொன்னது. ஆனால் முதல் கொக்கு உதறி உதறி விழுந்ததும் கண்ணுக்குள் வந்தது. இதுவும் விழுந்தால் இன்னொன்று கிடையாது. நான் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். இல்லை, சேரலை.

சார் கையைக் குறுக்கே அசைத்து நிறுத்தச் சொன்னார். காற்றாடிகள் நின்றன.

மருமகள் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். “என்ன அயித்தை தலையாட்டுன? அவர்ட்ட என்னத்த வேணாங்கிற?” என்றாள். அவர் காது கேட்காதவர் என்று சொன்னால்தான் நான் தலையாட்டியதற்கு அர்த்தம் இருக்கும். அதைச் சொல்லமாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தேன். “வாயத் தொறந்து சொல்லு! நீ பெத்த பிள்ளைதான அது? இன்னொருத்தி பெத்ததா?” அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பெட்டி கையிலிருந்து நழுவி, படகு ஏற்றுகிற கட்டையில் மோதி மூலை உடைந்தது. “கெழவிக்குப் புத்தி பெரண்டுபோச்சு” என்று யாரோ சொன்னார்கள். தாடி வைத்த மாணவர் ஓடிவந்து, “சார், இங்க எல்லாம் சரியாத்தான் காட்டுது, ஏன் நிறுத்துனீங்க?” என்றார். சங்கத்துத் தலைவர், “விடுறதா இருந்தா விடுங்க, இல்லன்னாத் தூக்கிட்டுப் போங்க” என்று கத்தினார். நான் உடைந்த மூலையைக் கையால் பொத்திக்கொண்டு மணலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். செத்துப்போகலாம் போல இருந்தது.

அவள் என்னிடம் என்ன கேட்டாள் என்று சாருக்குக் கேட்டிருக்காது. ஆனால் பார்த்தார். எழுந்து, அவள் கையை என் தோளிலிருந்து எடுத்துவிட்டார். காது மந்தமானவர்கள் பேசுகிற மாதிரி, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார்.

“அவகள விடு தாயி. எனக்குக் காது கேக்காது.”

பின்னால் நின்றவர்கள் முன்னால் நெருக்கி வந்தார்கள்.

“இந்த வருசம் பூரா எனக்குக் கேக்கல. மொதக் கொக்கு பருந்து அடிச்சு விழல, என்னாலதான் விழுந்துச்சு. இன்னைக்கு நான் அவக காதாலதான் கேட்டேன்.” மாணவர்கள் பக்கம் திரும்பினார். “இங்கன நிக்கிறவுகள்ல இது பறக்கணும்னு அவகளவிட நெனைக்கிறது யாரு? அவகளே வேணாங்கிறாக. காத்தாடியக் கழத்திப் பாருங்க.”

அந்த இருவர் முகத்தையும் நான் அப்போதுதான் பார்த்தேன். தாடி வைத்தவருக்கு வாய் திறந்தபடியே இருந்தது. கண்ணாடிப் பிள்ளைதான் முதலில் அசைந்தது. ஓடிப் போய்க் காற்றாடியைக் கழற்றி, இரண்டு பெருவிரலாலும் மெல்ல வளைத்துப் பார்த்தது. நடுக்குமிழுக்குப் பக்கத்தில் ஒரு மயிர்க்கோடு. வளைக்க வளைக்க அது வாய் திறந்தது. அந்தப் பிள்ளை அதைத் தாடிக்காரரிடம் காட்டியது. என் மருமகளும் எட்டிப் பார்த்தாள்.

வேறு காற்றாடி மாட்டினார்கள். மாட்டுகிற நேரம் எனக்கு ஒரு பகல் மாதிரி நீண்டது. மறுபடி பெட்டி, மறுபடி சார் முகம். மூலை உடைந்தாலும் பெட்டி பாடியது. இரண்டு காற்றாடியும் வந்து, தொட்டு, உட்கார்ந்து, ஒரே குரலானது. நான் தலையை மேலும் கீழும் ஆட்டினேன். ஆட்டியது நிற்கவே இல்லை. கண்ணாடிப் பிள்ளைதான் என் கன்னத்தைப் பிடித்து நிறுத்தியது.

தாடிக்காரர் மணலில் ஓடிப் போய் வீசினார். கொக்கு ஒரு முறை கவிழப் பார்த்து, நிமிர்ந்து, கடலுக்கு மேல் ஏறியது. சார் சங்கத்துத் தலைவரிடம் காற்று எப்போது ஏறியது, எந்தப் பக்கம் திரும்பியது என்று சைகையும் பேச்சுமாகக் கேட்டு, மணலில் விரலால் ஒரு கோடு போட்டார். எல்லாரும் படகு நங்கூரம் போட்டு நிற்கும் என்று பக்கத்திலேயே தேடினார்கள். நங்கூரக் கயிறு அறுந்திருந்தால் இங்கே இருக்கும் என்று கோட்டைக் கிழக்கே நீட்டிக்கொண்டே போனார். லேப்டாப்பில் சாம்பல் நிறத் தண்ணீர். தண்ணீர், தண்ணீர், தண்ணீர். என்னால் பார்க்க முடியவில்லை. மருமகள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் திடீரென்று மாறியது.

“அது எங்க வீட்டுக் கைலி” என்றாள். மஞ்சள் கைலி. கழியில் கட்டி யாரோ ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதோடு முடிந்துவிடவில்லை. இடத்தை வாக்கிடாக்கியில் சொல்லிவிட்டார்கள்; ஆனால் அலை உயரமாக இருந்ததால் தேடுகிற படகுக்குக் கிட்டப் போகும்வரை எதுவும் தெரியாது. கொக்கு அங்கேயே மேலே சுற்றினால் அதைப் பார்த்துப் போகலாம். கண்ணாடிப் பிள்ளை சாரின் பக்கவாட்டில் நின்று என்னமோ சொன்னது. பிறகு ஞாபகம் வந்தது போல, அவருக்கு நேர் எதிரே வந்து நின்று, முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னது: “சார், இப்பத் திரும்பலைன்னா எதிர்க்காத்துல வந்து சேராது. பேட்டரி பத்தாது.” அந்தப் பிள்ளைக்குக் கண் நிறைந்திருந்தது. இரண்டு வருசப் படிப்பு அந்தக் கொக்கில்தான் இருந்ததாம்.

“சுத்தட்டும்” என்றார் சார்.

சுற்றியது. படகுகள் அதைப் பார்த்துப் போய்ச் சேர்ந்தன. சேர்ந்துவிட்டோம் என்று வாக்கிடாக்கியில் சத்தம் வந்த கொஞ்ச நேரத்தில் லேப்டாப் கறுத்துப்போனது. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். என் மகன் உதடு வெடித்து, உப்பு பூத்து இறங்கினான். “மேல ஒண்ணு சுத்திக்கிட்டே இருந்துச்சும்மா. நாங்க எப்பச் சாவோம்னு பாக்குற பருந்துன்னு நெனச்சு, எழுந்து வைதோம்” என்றான். சார் அவன் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு அப்படிச் சிரித்தார். பருந்து என்ற பேச்சு அவரை விடவில்லை.

மறுநாள் காலையில் மருமகள் டீ போட்டு, புருசனுக்குக் கொடுப்பதற்கு முன்னால் என் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். தோள் வலிக்கிறதா என்று கேட்டாள். வலிக்கவில்லை என்றேன். வலித்தது.

சார் அந்த வருசத்தோடு வீட்டைக் காலி செய்தார். போகிறபோது பெட்டியை என்னிடம் கொடுத்து, “எனக்கு இது இனிமே வெறும் மரம் தாயி. ஒங்களுக்குப் பாடும்” என்றார். மாணவர்கள் இப்போது வேறு கொக்கு செய்திருக்கிறார்கள். காற்றாடி சத்தத்தைக் கேட்கவே அதற்குள் ஒரு கருவி வைத்திருக்கிறார்களாம். நல்லதுதான். எந்தத் தாயும் அப்படி உட்கார்ந்து தலையாட்ட வேண்டியதில்லை.

போன மாதம் சார் வந்திருந்தார். இரண்டு காதிலும் மெஷின் வைத்திருக்கிறார். அது இரைச்சலைத்தான் கேட்க வைக்கிறது என்று சொன்னார். இன்னும் எழுதுகிறார். பெட்டியைப் பார்த்ததும் இறக்கச் சொல்லி, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னை அமுக்கச் சொன்னார். மரம் அதிர்கிறது அவருக்குக் கையில் தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, அதே மாதிரி புருவத்தைத் தூக்கினார். சேர்ந்திருக்கா?

உப்பில் ஒரு நாக்கு கெட்டுப்போயிருந்தது. சேரவில்லை. இன்றைக்கு யாரும் கடலில் இல்லை, தலையாட்டினால் ஒரு வயதான மனிதருக்குச் சந்தோசம், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அடுக்களையிலிருந்து மருமகள், “அலையடிக்குது அயித்தை. அவர்ட்டப் பொய் சொல்லிராத” என்றாள். நான் பக்கவாட்டில் தலையாட்டினேன். சார் சிரித்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதா என்று கேட்டார்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது இவ்வளவுதான். விரிசல் விட்டது இடதுபக்கக் காற்றாடி என்று நான் நினைக்கிறேன். மருமகள் வலதுபக்கம் என்று சாதிக்கிறாள். அது ஆடியா, ஆனிக் கடைசியா என்பதும் சந்தேகமாக இருக்கிறது. சார் மணலில் போட்ட கோடு கிழக்கேயா வடகிழக்கேயா என்றும் தெரியவில்லை. புத்தகத்தில் போடுவதற்கு முன்னால் யாராவது சாரிடம் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். சத்தம் போட்டுக் கேட்க வேண்டாம். எதிரில் நின்று, முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.